மேட்டுச் செம்மண் மூன்று ஏக்கர், நடுக்காட்டில் ஆழம் ஒன்றரை அடிதான்: என்ன வைக்கலாம்?

#1 பென்னாகரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருக்கிறது. முழுக்கச் செம்மண், மேற்கிலிருந்து கிழக்கே வாட்டம். தாத்தா காலத்தில் ராகி, சாமை, கொள்ளு போட்ட காடு. கொஞ்ச வருடங்களாகத் தரிசாகக் கிடக்கிறது, இனி நானே பார்க்கப் போகிறேன். கிணறு கிடையாது.

மண் பரிசோதனை முடிவு வந்திருக்கிறது. கார அமில நிலை 6.6, உப்பின் நிலை 0.1, அங்ககக் கரிமம் 0.32 விழுக்காடு. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 170 கிலோ, மணிச்சத்து 14, சாம்பல் சத்து 210. மணல் 62, வண்டல் 15, களி 23 விழுக்காடு. ஜேசிபி வைத்து மூன்று இடத்தில் குழி எடுத்துப் பார்த்தேன். கீழ்க்கோடியில் நான்கடி வரை மண். நடுவில் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. மேல்கோடியில் ஒரு சாண் தாண்டினால் மொரம்பு (பாதி மட்கிய பாறைச் சரளை) தட்டுகிறது.

சொந்தக்காரர் ஒருவர் போர் போட்டுத் தென்னை வை என்கிறார். இன்னொருவர் ஏரி வண்டலை அடித்துக் கொட்டு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். எனக்கு ரெண்டிலுமே சந்தேகம். ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேல்மண் பொருக்குத் தட்டி இறுகிவிடுகிறது. இந்த மாதிரி மண்ணில் விவசாயம் செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

#2 ஏர்க்கால் (பாலக்கோடு)

தம்பி, நம்ம பக்கத்துக் காடு எல்லாமே இப்படித்தான், பயப்பட வேண்டாம். பொருக்கு பத்தி மட்டும் முதல்ல சொல்லிடறேன், ஏன்னா முதல் வருசம் அங்கதான் அடி விழும்.

ராகி விதை எவ்வளவு பொடிசுன்னு தெரியும். விதைச்ச மூணாம் நாள் ஒரு சாத்து மழை பேஞ்சு, மறுநாள் சுள்ளுன்னு வெயில் அடிச்சா பொருக்கு கட்டிக்கும். முளை மேல வர முடியாம உள்ளயே சுருண்டுரும். பொருக்கு முழுசாக் காயுறதுக்கு முன்னால, கையில எடுத்தா உதிர்ற பதத்துல, முள்ளுக் கிளையைக் கட்டி லேசா இழுத்து விடுவோம். பதம் தப்பி இழுத்தா முளையே அறுந்து போகும். அந்த ஒரு நாள் காட்டுல ஆள் இருக்கணும். ஊருக்குப் போயிட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்கலாம்னா ராகி கிடைக்காது.

நிலக்கடலை போட்டாலும் இதே கதைதான், ஆனா கடைசியில வரும். பறிக்கிற சமயத்துல மண்ணு காஞ்சு இறுகிடுச்சுன்னா செடி மட்டும் கையோட வரும், காய் உள்ளயே நின்னுரும். அதனால காய் முத்துனதும் ஈரம் இருக்கும்போதே ஆள் விட்டுடணும். மழைக்குக் காத்திருந்து காத்திருந்து பாதிக் காயை மண்ணுக்கே விட்டவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.

#3 மண்குழி

நான் மண்ணாய்வுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவில் எனக்கு மிகவும் பிடித்தது நீங்கள் குழி எடுத்ததுதான். ஆய்வு அறிக்கையைவிட அந்த மூன்று குழிகள் அதிகம் பேசுகின்றன.

முதலில் மண்ணின் குணம். 62, 15, 23 என்ற அளவை வைத்துப் பார்த்தால் இது மணல் தூக்கலான, களி கலந்த இருமண். துண்டறிக்கைகளில் 'செம்மண் கலந்த இருமண்பாட்டு நிலம்' என்று அச்சடித்திருப்பார்களே, அந்த வகையில் சேரும். உங்கள் பக்கத்தில் நைஸ், கிரானைட், சார்னோக்கைட் போன்ற பழம்பாறைகள் மட்கி உருவான மண் இது. சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. நிறம் நல்ல வடிகாலைக் காட்டுகிறது, அவ்வளவே. சிவப்பாக இருப்பதால் வளமானது என்றோ வளமற்றது என்றோ முடிவு கட்ட வேண்டாம்.

இதிலுள்ள களி பெரும்பாலும் கயோலினைட் வகை. கரிசல் களி ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடித்து, தன்னைத் தானே பொலபொலவென்று ஆக்கிக்கொள்ளும். கயோலினைட் உப்பாது, வெடிக்காது. ஆகவே ஒருமுறை இறுகிய செம்மண், கலப்பையோ வேரோ மண்புழுவோ போய்க் கிளறும் வரை இறுகியேதான் கிடக்கும். அங்ககக் கரிமம் 0.32 என்றால் மண் துகள்களைக் கட்டியாகச் சேர்த்துப் பிடிக்கும் பசையே குறைவு. மழைத்துளி விழுந்ததும் துகள்கள் சிதறி, நுண்மணலும் வண்டலும் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. நீங்கள் பார்க்கும் பொருக்கு அதுதான்.

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். இந்த அமைப்புள்ள மண், பயிர் எடுத்துக்கொள்ளக் கூடிய நீரை ஒரு மீட்டர் ஆழத்துக்கு 110 மி.மீ. போலத் தாங்கும். நடுக்காட்டில் உங்களுக்கு இருப்பது 45 செ.மீ. கணக்குப் போட்டால் 50 மி.மீ. சரளை இருந்தால் இன்னும் குறையும். வளர்ந்த பயிர் வெயில் நாளில் 4 முதல் 5 மி.மீ. குடிக்கும். நல்ல மழை பெய்து மண் நிறைந்தாலும் பத்துப் பன்னிரண்டு நாளில் இருப்புத் தீர்ந்துவிடும். இரண்டு மழைக்கு இடையில் மூன்று வாரம் விட்டுப் போவது நம் ஊரில் சாதாரணம். எந்தப் பயிர், எந்த ரகம், எந்தப் பட்டம் என்ற கேள்வி எல்லாவற்றையும் இந்தப் பத்து நாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உரம் அதற்கு அப்புறம்.

மூன்று குழியும் மூன்று விதமாக இருப்பதால் மூன்று ஏக்கரையும் ஒரே காடாக நினைக்காதீர்கள்.

#4 இளநீர்

எங்கள் தோப்பும் செம்மண்தான். உடுமலைப்பேட்டைப் பக்கம். மரம் அருமையாக இருக்கிறது. சொட்டுநீர் போட்டால் செம்மண்ணைப் போலத் தென்னைக்கு ஏற்ற மண் இல்லை. ராகி, சாமை என்று போனால் ஆள் கூலிக்கே கட்டாது. ஒரு முறை போர் போட்டு விட்டால் அறுபது வருடத்துக்குக் கவலை இல்லை. நண்பர் யோசிக்க வேண்டும்.

#5 மண்குழி

//செம்மண்ணைப் போலத் தென்னைக்கு ஏற்ற மண் இல்லை//

ஆழமான செம்மண்ணுக்கு இது பொருந்தும். தென்னைக்குக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழம் வேண்டும். பென்னாகரத்தாரின் நிலத்தில் கீழ்க்கோடி மட்டுமே அதை எட்டுகிறது. ஏக்கருக்கு 70 மரம், கோடையில் சொட்டுநீரில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் என்று வைத்தாலும் ஏக்கருக்கு தினம் 4,550 லிட்டர். பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் பாயும் உடுமலைக்கும், கடினப் பாறையில் பிளவைத் தேடிப் போர் இறக்க வேண்டிய பென்னாகரத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. தர்மபுரி மாவட்ட நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கடன் வாங்கிப் போர் போடச் சொல்லும் ஆலோசனையை, அந்தக் காட்டில் நின்று பார்க்காத யாரும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வற்றிய போருக்கும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம் ஏராளம்.

#6 இளநீர்

ஐயா, ஆழக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கீழ்க்கோடியில் மரப்பயிர் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தென்னை இல்லாவிட்டால் மா, புளி, சீத்தா என்று ஏதாவது நிலையான வருமானம் இருந்தால்தான் ஒருவர் காட்டில் தங்குவார்.

#7 ஏர்க்கால் (பாலக்கோடு)

இளநீர் சொல்றது சரி. மாவுக்கு நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிச் செம்மண்ணு பேர் போனது. கீழ்க்கோடியில மா வைங்க, மூணு வருசம் செடிக்குக் குடத்துல தண்ணி ஊத்திக் காப்பாத்திட்டா அப்புறம் அதுவே வேர் விட்டுப் பொழைச்சுக்கும். இடைவெளியில கடலையோ கொள்ளோ போட்டுக்கலாம். ஆனா கிளிமூக்கு மா ரகம் மட்டும் வெச்சுட்டு கூழ் ஃபேக்டரியை நம்பி உக்காராதீங்க. வரத்து கூடுன வருசம் விலை படுத்துரும். புளி ரெண்டு மரமாவது வரப்புல இருக்கட்டும்.

#8 காங்கேயத்தான்

வணக்கமுங்க. மேல்கோடியப் பத்தி ஒருத்தரும் பேசலீங்களே. ஒரு சாண் மண்ணு, அடியில மொரம்பு. அதை உழுது என்னங்க பண்ணப் போறீங்க?

எங்க பக்கம் காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துல இந்த மாதிரிச் சரளைச் செம்மண்ணைக் கொறங்காடா வெச்சிருக்கோமுங்க. சுத்தியும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ள கொழுக்கட்டைப் புல்லு, நடுவால அங்கங்க வெள்வேல மரம். மழை பேஞ்சா புல்லு தழைச்சுக்கும், வெயில் காலத்துல வெள்வேலங்காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆச்சு. காங்கேயம் மாடு இந்தப் புல்லுல வளந்ததுதானுங்க. ஒரே கொறங்காட்டுல மந்தையை விட்டு வழிக்கக் கூடாது, பகுதி பகுதியா அடைச்சு மாத்தி மாத்தி மேய விடோணும்.

புல்லு வேர் பிடிச்ச மண்ணுல இருந்து மழைத்தண்ணி கலங்கலா ஓடாதுங்க. உங்க மேல்கோடியில இருந்து ஓடி வர்ற தண்ணிதான் நடுக்காட்டு மேல்மண்ணை அரிச்சிட்டுப் போவுதுன்னு நினைக்கிறேன். ஒரு ஏக்கர் புல்லுக்கு விட்டா மீதி ரெண்டு ஏக்கர் மிஞ்சுமுங்க. நாலு ஆடு கட்டுனா அதுவும் வருமானந்தான், எருவும் வெளிய வாங்க வேண்டியதில்லை.

#9 பென்னாகரத்தான்

காங்கேயத்தார் அண்ணா, மேல்கோடியை உழாமல் விடலாம் என்ற யோசனையே எனக்கு வரவில்லை. மிக்க நன்றி.

ஏரி வண்டல் பற்றி யாராவது சொல்லுங்களேன். பக்கத்து ஏரியில் இந்தக் கோடையில் எடுக்கிறார்கள். வண்டி வாடகை மட்டும்தான் என்கிறார்கள்.

#10 ஏர்க்கால் (பாலக்கோடு)

வண்டல் அருமையான சமாச்சாரம். ஆனா வரப்பு இல்லாத வாட்டத்துல கொட்டாதீங்க. முதல் பெருமழையிலயே திரும்ப ஏரிக்கே போயிரும். மொதல்ல வாட்டத்துக்குக் குறுக்க வரப்பு, அதுக்கப்புறம் வண்டி.

#11 மண்குழி

ஏர்க்கால் சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுங்கள். இலகுவாக நீர் இறங்கிவிடும் மண்ணுக்கு ஹெக்டேருக்கு 100 டன் ஏரி வண்டல் என்பது பரிந்துரை, அதாவது ஏக்கருக்கு 40 டன். கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் பரப்பிப் பார்த்தால் ஒரு செ.மீ. கனம்கூட வராது. ஆகவே மூன்று ஏக்கருக்கும் தூவிப் பணத்தைக் கரைக்காமல், நடுக்காட்டில் ஓர் ஏக்கருக்கு முறையாக அடியுங்கள். மேல்கோடிக்கு ஒரு வண்டிகூட வேண்டாம்.

அள்ளுமுன் அந்த வண்டலையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். உப்பின் நிலை கூடின வண்டலைக் கொண்டுவந்து உப்பே இல்லாத மண்ணில் கலப்பது போன்ற அநியாயம் வேறில்லை. சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலைக் கழிவு, ஊர்ச் சாக்கடை சேரும் ஏரி என்றால் தொடவே வேண்டாம். ஏரியின் கரையோரம் எடுத்தால் வெறும் மணலாக இருக்கும். உள்வாயில், கையில் பிசைந்தால் ஒட்டிக்கொள்ளும் மண்தான் உங்களுக்குத் தேவை. அனுமதி வாங்க முன்பு போல மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை, 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே கொடுக்கிறார்கள்.

பொருக்குக்கு வண்டல் மருந்தல்ல. அதற்கு ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் அல்லது மட்கிய தென்னை நார்க்கழிவு, கூடவே 800 கிலோ ஜிப்சம். சிலர் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். கார அமில நிலை 5.5க்குக் கீழே போன புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு. உங்களுக்கு 6.6, ஜிப்சமே சரி. கடலை போடுவதானால் அதற்குத் தனியாக 40 முதல் 45 நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் உண்டு, அது காய் திரட்சிக்கு.

#12 வலிகாமம்

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட வலிகாமச் செம்மண் வேற பிறப்பு, அடியில சுண்ணாம்புக்கல். ஆனா தண்ணியை வேகமா கீழ விடுற குணம் உங்கட மண்ணுக்கும் இருக்கெண்டபடியா ஒரு விசயம் சொல்லவேணும்.

வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு எண்டு வருசம் முழுக்கத் தோட்டம் செய்து, யூரியாவை அள்ளிப் போட்டு, கிணத்தால இறைச்சு இறைச்சு, கடைசியில அந்தத் தழைச்சத்து முழுக்க நைட்ரேட்டா கிணத்துக்குள்ளயே இறங்கிட்டுது. குடிநீருக்கு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் எண்ட வரம்பைத் தாண்டின கிணறுகள் இங்க கனக்க இருக்கு. குழந்தையளுக்கு அந்தத் தண்ணி குடுக்கேலாது. ஆகையால் உரத்தைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்கோ. எங்கட பழைய ஆக்கள் பனையோலையையும் பூவரசங் குழையையும் கிடங்கு வெட்டித் தாழ்ப்பினம். பனையோலை மெதுவாத்தான் உக்கும், அதனால ஈரத்தை நெடுகப் பிடிச்சு வைச்சிருக்கும். உங்கட தர்மபுரியில பனை இருக்கெண்டால் மாங்கன்றுக் கிடங்குக்குள்ள போட்டுப் பாருங்கோ.

#13 மண்குழி

வலிகாமம் நண்பருக்கு நன்றி, மிக முக்கியமான எச்சரிக்கை. இந்த மண்ணில் தழைச்சத்து கீழே ஓடும், மணிச்சத்தோ இதற்கு நேர்மாறு. இரும்பு ஆக்சைடு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காது. சூப்பர் பாஸ்பேட்டைக் காடு முழுக்க வீசுவது வீண். 750 கிலோ பொடித்த தொழு உரத்தோடு ஒரு ஹெக்டேருக்கான சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, லேசாக நனைத்து, காற்றுப் புகாமல் மூடி ஒரு மாதம் வையுங்கள். பிறகு விதைச் சாலில் போடுங்கள். ஊட்டமேற்றிய தொழு உரம் என்பார்கள். மானாவாரிக்கு இதைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. துத்தநாகமும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், உங்கள் அறிக்கையில் அது இல்லை.

#14 மூடாக்கு

எல்லோரும் உழவு, ஜிப்சம் என்றே பேசுகிறீர்கள். உழவே வேண்டாம் நண்பர்களே. மண்ணைக் கிளறக் கிளறக் கரிமம் எரிந்து போகும். இலை தழையால் மூடாக்குப் போட்டால் மழைத்துளி மண்ணில் நேரடியாக விழாது, பொருக்கே வராது. கோடை உழவு செய்துவிட்டு அடுத்த மழையில் மேல்மண்ணை ஓட விடுவதுதான் காலங்காலமாக நடக்கிறது.

#15 ஏர்க்கால் (பாலக்கோடு)

மூடாக்கு நண்பரே, நீங்க சொல்றதுல பாதியை ஒத்துக்கறேன். ஆனா மூணு ஏக்கருக்கு மூடாக்குக்கு எங்க போறது? ராகித் தாள் மாட்டுக்கு வேணும். கொள்ளுப் பொட்டு ஆட்டுக்கு வேணும். மலைப்பக்கம் போய்த் தழை வெட்டுனா வனத்துறை கேக்கும்.

தரிசாக் கிடந்து இறுகுன மண்ணுல உழவில்லாம விதைச்சா மழை உள்ள இறங்கவே இறங்காது, மேலயே ஓடிரும். சித்திரையில கோடை மழை விழுந்ததும் வாட்டத்துக்குக் குறுக்க ஒரு உழவு ஓட்டிப் போட்டு வெச்சா, அடுத்த மழையை அந்தச் சால் ஒவ்வொண்ணும் நிறுத்தி வைக்கும். வாட்டத்தோட மேலும் கீழும் ஓட்டுறவங்களைப் பாத்துட்டு உழவே தப்புன்னு சொல்லாதீங்க. டிராக்டர்காரர் நீளவாட்டுல ஓட்டத்தான் பாப்பார், திருப்பம் குறையும்னு. பக்கத்துல நின்னு குறுக்க ஓட்டச் சொல்லணும்.

#16 மூடாக்கு

நியாயம். அப்படியானால் மாங்கன்றுகளைச் சுற்றி மட்டுமாவது மூடாக்குப் போடச் சொல்லுங்கள். நடுக்காட்டில் ராகிக்கு ஊடே அவரை, துவரை, ஆமணக்கு சால் விட்டால், ராகி அறுத்த பிறகும் தை வரை நிலம் மூடியிருக்கும். உதிரும் துவரை இலையே நல்ல மூடாக்கு.

#17 ஏர்க்கால் (பாலக்கோடு)

அது நம்ம ஊர்ப் பழக்கமேதான். கண்டிப்பா செய்யச் சொல்றேன்.

#18 பென்னாகரத்தான்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இப்போது என் திட்டம் இதுதான். மேல்கோடி உழவில்லை, கொழுக்கட்டைப் புல், வரப்பில் கிளுவைப் போத்து நட்டு உயிர்வேலி. நடுக்காட்டில் குறுக்கு வரப்பு, ஓர் ஏக்கருக்கு வண்டல், ஆடிப்பட்டத்தில் ராகி, ஊடுசாலாக அவரையும் துவரையும். கீழ்க்கோடியில் மா. தென்னைக்கும் போருக்கும் இப்போது இடமில்லை.

இரண்டு கேள்வி மிச்சம். நடுக்காட்டில் ஒரு முழ ஆழத்தில் கடப்பாரை இறங்க மறுக்கிறது. அடிமண்ணை ஆழமாகக் கீறும் உளிக் கலப்பை ஓட்டலாமா? கிழக்குக் கோடியில் பண்ணைக்குட்டை வெட்டினால் தண்ணீர் நிற்குமா?

#19 மண்குழி

கடப்பாரை இறங்காத இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மறுநாள் தோண்டிப் பாருங்கள். நனைந்து இளகினால் அது அடிமண் இறுக்கம்: மேலிருந்து களி இறங்கிச் சேர்ந்தும், வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுதும் உண்டான தட்டு. அதற்கு உளிக் கலப்பை நல்ல பலன் தரும். 40 செ.மீ. ஆழம், 50 செ.மீ. இடைவெளி, நீளத்திலும் குறுக்கிலும். மண் ஓரளவு காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் தட்டு உடையும், ஈரத்தில் ஓட்டினால் கீறல் மட்டும் விழும். வருடா வருடம் வேண்டாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும். நனைத்த பிறகும் பாறை மணிகள் கையில் தெரிந்தால் அது மொரம்பு. அங்கே உளிக் கலப்பை ஓட்டினால் கற்கள் மேலே வரும், கொழுவும் தேயும். அந்த இடத்தை மேல்கோடிப் புல்லோடு சேர்த்துவிடுங்கள்.

தொழு உரமும் ஜிப்சமும் உளிக் கலப்பை முடிந்து, கடைசி உழவில். வண்டல் அதற்கு முன்னால் பரப்பியிருக்க வேண்டும்.

குட்டை: 25 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர். அதில் ஓடி வருவது ஒரு பங்குதான் என்றாலும் மாங்கன்றுகளுக்குப் போதுமான நீர். ஆனால் இந்த மண்ணில் வெட்டி அப்படியே விட்டால் சில நாளில் உறிஞ்சிவிடும். அக்கம்பக்கத்துக் கிணற்றுக்கு நல்லது, உங்கள் கன்றுக்கு உதவாது. பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும், அல்லது அடியிலும் பக்கத்திலும் வண்டல் களியைப் போட்டு நனைத்து இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் வாயில் ஒரு சிறு குழி வெட்டி மண்ணை அங்கேயே படிய விடுங்கள்.

#20 காங்கேயத்தான்

புல்லு விதை சேகரம் பண்ணுறது பத்தித் தனியா ஒரு இழை போடறேனுங்க. புது விதையை உடனே விதைச்சா சரியா முளைக்காதுங்க, சில மாசம் ஆற வெச்சு விதைக்கோணும்.

#21 ஏர்க்கால் (பாலக்கோடு)

இன்னொண்ணு தம்பி. ஆடி மழை ஏமாத்திட்டா ராகியைப் பிடிவாதமா ஆவணி கடைசி வரைக்கும் இழுக்காதீங்க. அந்த ஏக்கரைக் கொள்ளுக்கு விட்டுருங்க. புரட்டாசியில விதைச்சா ஐப்பசி மழையில நிலத்தை மூடிக்கும், பனி ஈரத்துலயே காய் பிடிக்கும். ஏக்கருக்கு எட்டு கிலோ விதை. பையூர் ஆராய்ச்சி நிலையத்துல பையூர் 2 கொள்ளு விதை இருக்கான்னு ஆவணியிலயே கேட்டு வையுங்க, புரட்டாசியில போய் நின்னா தீந்து போயிருக்கும்.